படிகாரம் போட்ட தொட்டி

"மொத்தம் எத்தனை பேர் காலமானாங்க?" என்று கேட்டாள் ரேடியோ.

"பேரா? மீனும்மா! என் தங்க மீனுங்க!"

"தெரியும் சார். துக்க வீட்டுல மரியாதையா கேக்கணுமில்ல."

மீன்களுக்குச் சொந்தக்காரரான போட்டோ ஸ்டுடியோக்காரர் அவளை முறைத்தார். இவளை எங்கிருந்து பிடித்தீர்கள் என்பதுபோலத் துப்பறிவாளரைப் பார்த்தார். துப்பறிவாளர் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்களுடைய அலுவலகம் இருந்த கட்டடத்தில் அவளை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். அணைக்கும் திருகு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாததால் வந்த பெயர். அதே கட்டடம் அவளுடைய முதலாளியான துப்பறிவாளருக்கு வைத்த பெயர் பூட்டு. ஒரு கேள்விக்கும் தன் பதிலுக்கும் நடுவே அவர் விடுகிற இடைவெளியில் மாடிப்படி ஏறி இறங்கிவிடலாம் என்பார்கள். இந்த இரண்டு பேரும் எப்படி ஒரே அறையில் தொழில் செய்கிறார்கள் என்பது அந்தக் கட்டடத்தில் இன்னும் துப்புத் துலங்காத வழக்கு.

தொட்டி வீட்டின் பின்பக்கம் இருந்தது. வட்டமான சிமெண்ட் தொட்டி, ஓர் ஆள் இறங்கினால் மார்பளவு ஆழம். ஸ்டுடியோக்காரர் உயரமான மனிதர். வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டபடியே பேசினார்.

"நாலு நாளைக்கு முன்னாடி காலையில எழுந்து வந்து பார்க்கறேன், எல்லாம் மேல மிதக்குது. வயித்தைக் காட்டிக்கிட்டு. ஒண்ணு விடாம நானே வலையில அள்ளினேன். அதோ அந்தச் செடிக்குப் பக்கத்துல புதைச்சேன். அதுக்கப்புறம் இந்தத் தண்ணியை யாரும் தொடக்கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டேன்."

"வலை எங்க சார்?"

"என் ரூம்ல. பூட்டி வச்சிருக்கேன். எப்பவுமே அப்படித்தான். என் மீனுக்கு வேற யாரும் ஒரு பிடி தீனி போட்டாக்கூட எனக்குப் பிடிக்காது."

"உங்க வீட்டம்மா?"

"அவளுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

ரேடியோ ஏதோ சொல்ல வாயெடுத்து, பூட்டின் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கினாள்.

"யார் பண்ணினதுன்னு எனக்குத் தெரியும்" என்றார் ஸ்டுடியோக்காரர். "ரெண்டு தெரு தள்ளி நீச்சல் குளம் இருக்கில்ல, அங்க ஒரு மாஸ்டர் இருக்கான். போன கோடையில என் வீட்டுக்காரி அவன்கிட்ட நீச்சல் கத்துக்கப் போனா. நான் ஒரு நாள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பார்த்தேன். அவ ரெண்டு கையையும் பிடிச்சுத் தண்ணிக்குள்ள இழுத்துக்கிட்டுப் போறான். இவ சிரிச்சுக்கிட்டே போறா."

"நீச்சலைத் தபால்ல கத்துக்குடுக்க முடியாதே சார்."

"நீங்க சும்மா இருங்க. அன்னைக்கே நிறுத்திட்டேன். அந்தக் கடுப்புலதான் என் மீனைக் கொன்னிருக்கான். இன்னொண்ணும் சொல்றேன். இப்ப அவ விரல்ல கல்யாண மோதிரம் இல்ல. கேட்டா, விரல் அரிக்குது, கழட்டி பீரோவுல வச்சிருக்கேன்கறா. பச்சைப் பொய்."

பூட்டு முதல்முறையாக வாய் திறந்தார். "பீரோவைத் திறந்து பார்த்தீங்களா?"

"திறந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்ல."

அவர் அதைச் சொன்ன விதத்தில் ஒரு சுகம் இருந்தது. ஆறாத புண்ணின் ஓரத்தைச் சொறிகிறவனுக்குக் கிடைக்கும் சுகம். பூட்டு அந்தச் சுகத்தை அறிவார். தொழிலில் அவரைத் தேடி வருகிறவர்களில் பாதிப் பேர் உண்மையைத் தேடி வருவதில்லை. தங்கள் சந்தேகத்துக்கு ஒரு சாட்சியைத் தேடித்தான் வருகிறார்கள்.

"சாயங்காலம் வக்கீல் வரார்" என்றார் ஸ்டுடியோக்காரர். "எனக்கு வேண்டியது உங்க கையெழுத்தோட ஒரு ரிப்போர்ட். அவன் பண்ணினான், இவளுக்காகப் பண்ணினான். அது போதும். இன்னைக்கே அவ இந்த வீட்டை விட்டுக் கிளம்பணும்."

"அவங்க இப்ப எங்க?"

"மூக்குக்கண்ணாடிக் கடையில வேலை. மதியம் வந்துடுவா."

பூட்டு மறுபடி தொட்டியைக் குனிந்து பார்த்தார். ஒரு வாரமாக விட்டுவிட்டு மழை. ஊரில் எந்தக் குழாயைத் திறந்தாலும் செம்மண் நிறத்தில்தான் தண்ணீர் கொட்டியது. தெருக்குட்டை, வாளி, ஸ்டுடியோக்காரர் வீட்டு முற்றத்தில் தேங்கிய தண்ணீர் எல்லாமே கலங்கல். இந்த ஒரு தொட்டி மட்டும் புதுக் கண்ணாடி போலிருந்தது. அடிவரை தெரிந்தது. அடியில் வண்டல், சலித்த மாவைத் தூவியதுபோல ஒரே சீராகப் படிந்திருந்தது. அந்தச் சீரைக் குலைத்தது ஒரே ஒரு கோடு. அவர்கள் நின்ற பக்கத்திலிருந்து புறப்பட்டு, எங்கும் தயங்காமல் நடுப்பகுதிக்குப் போய், அங்கே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குழியாக நின்றுவிட்டது.

அவர் அதை வெகுநேரம் பார்த்தார்.

"சார், இங்க பாருங்க." ரேடியோ தொட்டியின் விளிம்பில், மழை படாத மூலையில் குந்தியிருந்தாள். சிமெண்டின்மேல் வெள்ளையாக ஏதோ பொரிந்து காய்ந்திருந்தது. ஒரு சிட்டிகை கிள்ளியெடுத்து, அவர் தடுக்குமுன் நாக்கில் வைத்துவிட்டாள்.

"விஷமா இருந்தா?"

"விஷமா இருந்தா உங்களுக்கு ஒரு நாள் நிம்மதியா..." அவள் முகம் கோணியது. கன்னங்கள் உள்ளே போயின. உதடு குவிந்து நின்றது. "ஐயோ, வாயே பை மாதிரி சுருங்குது! படிகாரம் சார் இது. எங்கப்பா ஷேவ் பண்ணிட்டு முகத்துல தேய்ப்பாரு. சின்ன வயசுல கல்கண்டுன்னு நினைச்சு ஒரு தடவை நக்கியிருக்கேன். இந்த ஜென்மத்துக்கு மறக்காது."

படிகாரம். பூட்டும் அதைத்தான் நினைத்திருந்தார். தண்ணீரின் தெளிவைப் பார்த்ததுமே நினைத்தார். சொல்வதற்கு முன்னால் வழக்கம்போல ஓர் இடைவெளி விட்டார். அந்த இடைவெளிக்குள் இவள் நாக்கை நீட்டிவிட்டாள். நெஞ்சின் ஓரத்தில் சின்னதாக எதுவோ சுருக்கென்றது. பொறாமைக்கு ஆள் தராதரம் கிடையாது, சம்பளம் கொடுக்கிற இடத்தில்கூட வந்து உட்காரும் என்று எண்ணிக்கொண்டார்.

ஸ்டுடியோக்காரர் துள்ளினார். "படிகாரமா? சொன்னேனில்ல! குளத்துல மூட்டை மூட்டையா அடுக்கி வச்சிருப்பான். அவனேதான்! போய்ப் பாருங்க, போங்க!"

*

நீச்சல் குளத்துக்கு நடந்து போகும்போது ரேடியோ மூன்றாவது முறையாகத் துப்பினாள்.

"படிகாரம்னா என்னதான் சார் அது? சர்க்கரைக்குப் பொறந்த மாதிரி இருக்கு, குணம் மாமியார் குணமா இருக்கு."

"ஒரு உப்பு. பொட்டாசியமும் அலுமினியமும் கந்தகத்தோட சேர்ந்து கட்டிக்கிட்டது. இரட்டை உப்புன்னு சொல்லுவாங்க."

"உப்புன்னா சாப்பாட்டுல போடறது இல்லையா?"

"வேதியியல்ல அது ஒரு பெரிய குடும்பம். சாப்பாட்டு உப்பு அதுல ஒரு பிள்ளை. இது இன்னொண்ணு."

"ரெண்டாவது பிள்ளைக்குத்தான் வேலை அதிகம் போல. சலூன்ல ரத்தம் நிறுத்துது, எங்க வீட்டுல தொண்டை வலிச்சா வெந்நீர்ல போட்டுக் கொப்பளிக்கச் சொல்லுவாங்க..."

"சாயப் பட்டறையில துணியில சாயம் ஒட்டறதுக்கு. தோல் பதனிடற இடத்துல தோலை இறுக்கறதுக்கு. எங்க போனாலும் அதுக்குத் தெரிஞ்ச வேலை ஒண்ணுதான். தளர்ந்ததை இறுக்கும், மிதக்கறதைச் சேர்த்து அடியில உக்கார வைக்கும்."

"கலங்கின தண்ணியில போட்டா அழுக்கு கீழ படிஞ்சிடும்."

"அதேதான். துளியூண்டு போட்டா அந்தத் தண்ணியைக் குடிக்கலாம். அள்ளிக் கொட்டினா மீனோட செவுள்ல போய் ஒட்டிக்கும். மூச்சு விட முடியாது."

ரேடியோ நான்காவது முறையாகத் துப்பினாள்.

"அப்ப ஒரு சந்தேகம் சார். கொலை பண்ண வர்றவன் இடத்தைப் பெருக்கித் துடைச்சுட்டா போவான்? மீனைச் சாகடிக்கணும்னா எலி பாஷாணம் போதும். எதுக்குப் போய்த் தண்ணியைச் சுத்தம் பண்ணணும்?"

இந்த முறை பூட்டு இடைவெளி விடவில்லை. "கொல்ல வந்த ஆள் இல்ல. தேட வந்த ஆள். கலங்கின தண்ணிக்குள்ள எதுவோ விழுந்துடுச்சு. மீன் செத்தது குறுக்க வந்த விபத்து."

"எது விழுந்துச்சு?"

அவர் நடந்துகொண்டே இருந்தார். அவள் தன் இடது கை விரலைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"மோதிரம்!" என்றாள். "நான்தான் முதல்ல சொன்னேன், ஞாபகம் வச்சுக்குங்க."

*

நீச்சல் மாஸ்டர் குளத்தின் ஓரத்தில் குந்தி, சுத்தியலால் எதையோ உடைத்துக்கொண்டிருந்தார். வெயிலில் வெந்த தோள்கள். சிரித்தால் முகம் முழுக்கச் சிரிப்பு. ரேடியோ தன்னையறியாமல் தலைமுடியைச் சரிசெய்துகொண்டதைப் பூட்டு பார்த்தார். இந்த மாதிரி ஆண்கள் எந்த மௌனத்துக்குள்ளும் கல் எறிந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்த கணவனை அவரால் அந்த ஒரு நொடி புரிந்துகொள்ள முடிந்தது.

மாஸ்டர் உடைத்துக்கொண்டிருந்தது படிகாரம்தான். செங்கல் அளவுப் பாளங்கள், பழுப்பு நிறத்தில்.

"மழை பெஞ்சா இதே வேலைதான்" என்றார். "உடைச்சுக் கரைச்சு விட்டா நாளைக்குக் காலையில அடியில போட்ட ஊசி தெரியும். என்ன விஷயம் சார்?"

ரேடியோ விஷயத்தைச் சொன்னாள். மாஸ்டரின் சிரிப்பு மெல்லக் கரைந்தது.

"நான் அந்த வீட்டுப் பக்கமே போனதில்லம்மா. அந்தக்கா நல்லா நீந்துவாங்க. முதல்ல தண்ணின்னா பயம், அது போனதுல அவங்களுக்கு ஒரே சந்தோஷம். திடீர்னு நின்னுட்டாங்க. ஏன்னு யாரும் சொல்லல. போன வாரம் திடீர்னு வந்தாங்க. ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க."

"என்ன கேள்வி?"

"கலங்கின தண்ணியில சின்னப் பொருள் ஏதாவது விழுந்துட்டா இங்க எப்படி எடுப்பீங்கன்னு. படிகாரம் போட்டுத் தெளிய விட்டா தானாத் தெரியும்னேன். அதுல மீன் இருக்குன்னு அவங்க சொல்லல. சொல்லியிருந்தா, வாளியில தண்ணி எடுத்து மீனை மாத்திட்டுப் போடுங்கன்னு சொல்லியிருப்பேன். கொஞ்சம் தரட்டுமான்னு கேட்டேன். பதறிட்டாங்க. 'உங்ககிட்ட வாங்கினா அதுக்கு வேற அர்த்தம் வரும் தம்பி'ன்னுட்டு ஓடியே போயிட்டாங்க."

"தம்பியா?" என்றாள் ரேடியோ.

"ஆமா. என்னை எப்பவும் தம்பின்னுதான் கூப்பிடுவாங்க. ஏன்?"

"ஒண்ணுமில்ல. ஒரு ஆள் வேலிக்கு வெளிய நின்னா காது கேக்காது போல."

பூட்டு பாளத்திலிருந்து சிதறிய ஒரு துண்டை எடுத்து விரலால் நசுக்கப் பார்த்தார். நசுங்கவில்லை. தொட்டி விளிம்பில் காய்ந்திருந்தது வேறு ஜாதி, வெள்ளை, சர்க்கரை போன்ற சன்னப் பொடி. சலூனில் கட்டியாகத்தான் வைத்திருப்பார்கள். கடையில் கேட்டாலும் கட்டியைத்தான் தட்டித் தருவார்கள். பொடியாக யார் வைத்திருப்பார்கள்? தராசில் நிறுத்து, அளந்து கரைக்கிற ஆள்.

"இந்த ஊர்ல அந்த மாதிரி அளந்து கரைக்கற வேலை யார் பண்றாங்க?" என்றார் வெளியே வந்ததும்.

"சாயப் பட்டறை ஊருக்கு வெளிய. தோல் கிடங்கு இன்னும் தள்ளி. கடையிலேர்ந்து மதியம் வீட்டுக்கு வர்ற பொம்பளை அங்கல்லாம் எப்பப் போவா? போனாலும் வீட்டுல கணக்குக் கேக்கற ஆளு." ரேடியோ நடையை நிறுத்தினாள். எதிரே சுவரில், ஸ்டுடியோக்காரரின் பழைய விளம்பரப் பலகை மழையில் நனைந்து தொங்கியது. "சார்... முன்னெல்லாம் போட்டோவைக் கழுவித்தானே எடுப்பாங்க?"

பூட்டு அவளை விட அரைச் சொல் முந்திக்கொண்டார். "இருட்டறை."

"சே!" என்றாள் அவள்.

*

அவர்கள் திரும்பி வந்தபோது ஸ்டுடியோக்காரரின் மனைவி அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். கணவர் ஸ்டுடியோவில் இருந்தார், மணப்பெண் ஒருத்தி படம் எடுக்க வந்திருக்கிறாளாம். கூடத்தில் ஒரு பெட்டி பாதி அடுக்கப்பட்டுத் திறந்து கிடந்தது. அடுக்கியது அவள் அல்ல என்று பார்த்ததுமே தெரிந்தது. அவளுடைய புடவைகளைக் கசக்கிச் சுருட்டித் திணித்திருந்தன யாருடைய கைகளோ.

"மீன் விஷயமா வந்திருக்கீங்களா?" என்றாள். குரலில் பயத்தைவிட அலுப்பு அதிகமாக இருந்தது.

"உங்க வீட்டுக்காரரோட பழைய இருட்டறையைப் பார்க்கலாமா?" என்றார் பூட்டு.

அவள் திறந்து கிடந்த பெட்டியை ஒருமுறை பார்த்தாள். இருவருக்கும் நடுவே இருந்த மௌனத்தை ரேடியோ கெடுக்காமல் நின்றது அந்த நாளின் பெரிய அதிசயம். பிறகு அந்தப் பெண் மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒரு சின்னக் கதவைத் திறந்தாள். உள்ளே ஒட்டடை. காலித் தட்டுகள், ஒரு சிவப்பு விளக்கு, தராசு, அலமாரியில் வரிசையாகப் புட்டிகள். எல்லாவற்றின் மேலும் தூசி. ஒரு புட்டி மட்டும் துடைத்ததுபோலப் பளிச்சென்றிருந்தது. அதில் அடியில் கொஞ்சம் வெள்ளைப் பொடி மிச்சமிருந்தது.

"படத்தைக் கழுவினா மேல பூசியிருக்கிற பசை இளகும்" என்றாள் அவள். "அது இறுகறதுக்கு இதைச் சேர்ப்பாங்க. கல்யாணமான புதுசுல நான்தான் அவருக்கு அளந்து குடுப்பேன். கைவிளக்கு மாதிரி கூடவே நிப்பேன். எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறினப்புறம் அவர் இந்தக் கதவையே திறக்கல. இந்தப் பொடி வீட்டுல இருக்குங்கறதே அவருக்கு மறந்துபோச்சு."

"தொட்டியில எது விழுந்துச்சுன்னு நாங்களே சொல்லட்டுமா?" என்றாள் ரேடியோ, மிகவும் மெதுவாக.

அவள் இடது கையை நீட்டிக் காட்டினாள். மோதிர விரலில் வெளுத்த ஒரு வளையம் இன்னும் தெரிந்தது. விரல் மோதிரம் தங்காத அளவுக்கு மெலிந்திருந்தது.

"மழைக்கு இலை கொட்டிக் கிடந்துச்சு. தொட்டியைத் தொட்டாத் திட்டுவாரு. இலை அழுகினா மீனுக்கு ஆகாதேன்னு அள்ளினேன். வழுக்கிக்கிட்டுப் போயிடுச்சு. முன்னெல்லாம் சோப்புப் போட்டாக்கூடக் கழலாது. சொல்லியிருக்கலாம் இல்லையான்னு கேப்பீங்க. கழட்டி யாருக்குக் குடுத்தேன்னு ஆரம்பிச்சுடுவாருங்க. அதான் பீரோவுல இருக்குன்னு சொல்லிட்டேன். எடுத்துப் போட்டுக்கிட்டா யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன். அவர் ஸ்டுடியோவுக்குப் போனப்புறம் இதைக் கொட்டினேன். மறுநாள் காலையில..." அவள் நிறுத்திக்கொண்டாள். "அந்த மீனுங்க என் கையாலதான் செத்துச்சு. அதை ஒத்துக்கறேன்."

"மோதிரம்?"

"இல்லைங்க. அதான் புரியல. தண்ணி அப்படித் தெளிஞ்சிருக்கு, ஒரு குண்டூசி கிடந்தாத் தெரியும். அன்னையிலேர்ந்து அவர் இல்லாதப்பல்லாம் போய்க் குனிஞ்சு பார்க்கறேன். சாப்பிட உக்கார்ந்தா தினமும் கேக்கறாரு, மோதிரம் எங்கன்னு. தினமும் பீரோன்னு சொல்றேன். சொல்லும்போது என் முகத்தையே பார்த்துக்கிட்டிருக்காரு."

பூட்டு அவளைப் பார்க்காமல் சொன்னார். "வாங்கம்மா. தொட்டிக்கிட்ட போவோம். ரேடியோ, அவரைக் கூட்டிட்டு வா."

*

ஸ்டுடியோக்காரர் கழுத்தில் கேமராவோடு வந்தார். மனைவி தொட்டிக்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்ததும் அவர் நடை மாறியது.

"ரிப்போர்ட் தயாரா?"

"தயார்" என்றார் பூட்டு. "படிகாரம் உங்க இருட்டறையிலேர்ந்து வந்தது. உங்களோடது. அளந்து குடுத்துப் பழகின கைதான் கொட்டுச்சு. குளத்து மாஸ்டருக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. அவங்க அவரைத் தம்பின்னு கூப்பிடறாங்க."

ஊரெல்லாம் தேடிய எதிரி தன் வீட்டு அலமாரியில் தன் கையெழுத்தில் சீட்டு ஒட்டிய புட்டியில் இருந்ததை ஸ்டுடியோக்காரர் மெல்ல மெல்ல விழுங்கிக்கொண்டிருந்தார்.

"சரி" என்றார் கடைசியில். "இவளே கொன்னிருக்கா. எதுக்கு? கேளுங்க. மோதிரத்தைக் கழட்டித் தண்ணியில வீசிட்டு..."

"நிறுத்துங்க சார்" என்றாள் ரேடியோ. "மோதிரம் தண்ணியில விழுந்ததுன்னு இதுவரைக்கும் இங்க யாரும் வாயே திறக்கலையே?"

தொட்டியில் ஒரு இலை விழுந்து சுழன்றது.

பூட்டு தொட்டியின் அடியைச் சுட்டிக்காட்டினார். "செத்த மீன் எங்க இருந்துச்சு சார்?"

"மேல. சொன்னேனே. மிதந்துச்சு."

"மேல மிதக்கறதை மேலாகத்தான் அள்ளுவாங்க. இந்தக் கோட்டைப் பாருங்க. வலையோட வளையம் அடியை இழுத்துக்கிட்டுப் போன தடம். வழி தேடல, தடுமாறல. நேரா ஒரு இடத்துக்குப் போய் அள்ளிக்கிட்டு நின்னுடுச்சு. கண்ணுக்குத் தெரிஞ்ச ஒண்ணை எடுக்கப் போன வலை அது. வலை உங்க ரூம்ல பூட்டியிருக்கு. வேற யாரும் தொட மாட்டாங்கன்னு நீங்கதான் சொன்னீங்க. மோதிரம் பீரோவுல இல்லைங்கறது பீரோவைத் திறக்காமலே உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு."

அவர் ஓர் இடைவெளி விட்டார். இந்த முறை அதற்குள் யாரும் நுழையவில்லை.

"வலது கையை வெளிய எடுங்க சார்."

ஸ்டுடியோக்காரர் எடுக்கவில்லை. அவர் மனைவியைப் பார்த்தார். அவர் எதிர்பார்த்தது அழுகையாக இருக்கலாம். அவள் அழவில்லை. பக்கத்தில் வந்து, சின்னக் குழந்தையின் சட்டைப்பையில் ஒளித்ததை எடுப்பதுபோல, அவர் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். மோதிரம் உள்ளங்கையில் வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. நாள் முழுக்கப் பிடித்துப் பிடித்து, அங்கே சிவப்பாக ஒரு வட்டம் பதிந்திருந்தது.

"இவ்வளவு நாளும் இங்கயா இருந்துச்சு?" என்றாள்.

"நீ வீசிட்டேன்னு நினைச்சேன்" என்றார் அவர். "நீயா வந்து சொல்லுவேன்னு... கேட்டுக்கிட்டே இருந்தேனே. ஒரு நாளாவது உண்மையைச் சொல்றியான்னு பார்த்தேன்."

"நான் பொய் சொல்றதைக் கேக்கறதுக்குத்தான் தினமும் கேட்டீங்க."

அவர் தலையைக் குனிந்தார். அதை மறுக்க அவரால் முடியவில்லை. அந்த ஒரு நேர்மையாவது மிச்சமிருந்தது.

"நான் இங்க குனிஞ்சு தேடினேனே, தினமும் மதியம். பார்த்தீங்களா?"

அவர் கழுத்திலிருந்த கேமரா வாரைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கேயிருந்து பார்த்தீங்க?"

அவர் கண்களை உயர்த்தி மாடியில் ஒரு ஜன்னலைப் பார்த்தார். அவ்வளவுதான்.

அவள் மோதிரத்தை எடுத்தாள். போட்டுப் பார்க்கவில்லை. முந்தானை நுனியில் வைத்து முடிந்துகொண்டாள்.

"எனக்கு எதுவும் ரிப்போர்ட் வேணாம் சார்" என்றார் ஸ்டுடியோக்காரர் அவசரமாக. "வக்கீலுக்குப் போன் பண்ணி வர வேணாம்னு சொல்லிடறேன். தப்பு என் பேர்ல. நான் ஒத்துக்கறேன். அந்தப் பெட்டியை நானே பிரிச்சு..."

"வரட்டும்" என்றாள் அவள்.

"என்னது?"

"வக்கீல் வரட்டும். பெட்டியும் அப்படியே இருக்கட்டும். போறதா இருந்தா என் துணியை நான் ஒழுங்கா மடிச்சு வச்சுக்கிட்டுப் போவேன். இருக்கறதா இருந்தா அதையும் நான்தான் சொல்லுவேன். அதுவரைக்கும் நீங்க இங்கயே நில்லுங்க."

"எதுக்கு?"

அவள் வீட்டுக்குள் போனாள். மரப்படிகளில் அவள் காலடி ஏறிப் போவது கேட்டது. சற்றுப் பொறுத்து மாடி ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது. கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, தொட்டியையும் அதன் ஓரத்தில் கேமராவைத் தொங்கவிட்டு நின்ற மனிதரையும் பார்த்தாள். கண்ணாடிக் கடையில், எதிரில் உட்கார்ந்தவனுக்கு எந்த எழுத்து தெரிகிறது, எது தெரியவில்லை என்று பொறுமையாகக் கவனிப்பவளின் பார்வை அது.

ரேடியோ பூட்டின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வாங்க சார். இது நம்ம ஜோலி இல்ல."

அவர்கள் பக்கவாட்டுச் சந்து வழியாக வெளியேறினார்கள். திரும்பிப் பார்க்கக்கூடாது என்று பூட்டு நினைத்தார். பார்த்தார். ஸ்டுடியோக்காரர் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், பைக்குள் விடுவதும் எடுப்பதுமாக நின்றுகொண்டிருந்தார். ஒருமுறை மாடியை நிமிர்ந்து பார்த்தார். அவள் நகரவில்லை. அவரால் அந்தப் பார்வையைத் தாங்கவும் முடியவில்லை, அதைவிட்டு உள்ளே போகவும் முடியவில்லை. தெளிந்த தண்ணீரில் அவருடைய உருவம் தலைகீழாக, கடைசி மயிர்க்கால் வரை தெரிந்தது.